மூங்கிலுக்குள் புலி இன்னும் வரவில்லை

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
18.05.2025

அன்புள்ள தம்பி ரிஷிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தன் பாட்டுக்கு வேறு கதை சொல்கிறது. அத்தான் பஸ் ஓட்டுகிறார், நான் பார்ணஹாகே பாலர் பள்ளியில் பிறத்தியார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிறேன். உன் சுகத்தை எப்படி அறிவது? வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நிற்கிறது.

உன் கடிதம் வந்தது. போனில் கதைத்தால் சண்டைதான் வருகிறதாம், இனிக் கடிதத்தில் கதைப்போமாம். அம்மாவை வந்து பார் என்று ஏப்ரலில் ஒரு வார்த்தை கத்தினதற்கு இவ்வளவு ரோசமா? இந்தக் காலத்தில் தாளும் பேனையும் தூக்குகிற மனிசனை உன்னில்தான் கண்டேன். சரி, உன் விசருக்கு நானும் ஆடுகிறேன்.

ஆனால் சும்மா ஆடமாட்டேன். எனக்கு ஒரு வேலை செய்து தரவேண்டும்.

ஐயப்பன் பூசைக்கு ஒவ்வொரு வருடமும் பின்னுக்கு ஒரு பனர் தொங்குமே, சுவாமிக்கும் புலிக்கும் ஒரே பளபளப்பு முகம், அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வருகிற ஜனவரி மகரஜோதிப் பூசைக்கு நான் கையால் கீறித் தருகிறேன் என்று சபையில் எழும்பிச் சொல்லிவிட்டேன். நாலு பலகை, மடிக்கிற தட்டி, ஜப்பான்காரர் கீறுகிற மாதிரி. பொன்நிறப் பின்னணி, மூங்கில் காடு, அதற்குள்ளிருந்து வெளியே வருகிற புலி. தலைவர் சிவகுரு அண்ணை சிரித்தார். "பிள்ளை, பனர் அடிச்சால் ரெண்டு நாளிலை வந்திடும். உம்மாலை ஏலாமல் போனால் சபைக்கெல்லோ வெட்கம்" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

நூலகத்தில் ஒரு பெரிய புத்தகம் எடுத்தேன். கியோட்டோவில் ஒரு பழைய கோயிலின் தள்ளுகதவுகளில் இருக்கிற புலி. தம்பி, அதைப் பார்த்த அன்று எனக்குச் சமையலே ஓடவில்லை. ஆனால் அநியாயம், படம் இரண்டு பக்கத்தில் அச்சாகி, புலியின் பின்பாதியை நடு மடிப்பு விழுங்கிவிட்டது. மிச்சமும் மங்கல், வரியும் தெரியாது, கண்ணும் தெளிவில்லை. அங்கே படம் எடுக்க விடமாட்டார்களாம். நீ நகோயாவில்தானே இருக்கிறாய்? ஒரு நடை போய், நின்று பார்த்து, பின்னங்கால் எப்படி மடிகிறது, வால் எங்கே போகிறது, கண்மணி எப்படி என்று எழுதி அனுப்பு.

அம்மா கேட்கிறா, முந்தி ட்வெய்ட்டாவில் மலிவு விற்பனையில் சோடியாக வாங்கி, ஒன்றைத் தன் கட்டிலில் விரித்து மற்றதை உனக்கு அனுப்பிய போர்வை இன்னும் இருக்கிறதா என்று.

பதிலைச் சுணக்காதே.
உன் அக்கா
மயூரா


நகோயா
20.06.2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நேரத்துக்குப் படுக்கிறேன். அம்மாவுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். போர்வை இருக்கிறது.

புலி நல்ல யோசனை. போய்ப் பார்க்கிறேன். இப்போது வேலை கொஞ்சம் இறுக்கம். அறை மாறிவிட்டதால் இனி டெனிஸின் முகவரிக்கே எழுதுங்கள். என்னோடு வேலை செய்த மன்னார்ப் பொடியன். அவன் கொண்டுவந்து தருவான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
தம்பி ரிஷி


ஹொல்ம்லியா
06.07.2025

தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, பொறுமைக்குத்தான் குறைவு.

ஐந்து கிழமை காத்திருந்து வந்த கடிதத்தில் "போய்ப் பார்க்கிறேன்" என்று இரண்டு சொல். வேகரயிலில் ஏறினால் நகோயாவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லையாம். நான் ஹொல்ம்லியாவிலிருந்து ஸ்ட்ரோம்மன் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருகிற நேரத்துக்குள் நீ புலியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாய்.

மூங்கில் முடிந்துவிட்டது. வீட்டில் இடமில்லாமல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சைக்கிள் விடுகிற அறைக்குப் பக்கத்தில் பலகைகளைச் சாய்த்து வைத்திருக்கிறேன். நடுவில் புலிக்கென்று ஒரு பெரிய வெள்ளை இடம். போகிற வருகிறவர்கள் எல்லாம் "இதிலை என்ன வரப்போகுது?" என்று கேட்கிறார்கள். புலி என்றதும் சிவகுரு அண்ணைக்கு இன்னொரு பயம். "மண்டபக்காரர் வேறை மாதிரி நினைச்சிட்டால்?" என்கிறார். ஐயப்பன் பின்னே முயலிலா வருவார்?

ஒரு விசயம் வாசித்தேன், உனக்கும் பிடிக்கும். அந்தக் காலத்து ஜப்பானில் புலியே கிடையாதாம். கீறினவர்களில் ஒருவருமே உயிருள்ள புலியைக் கண்டதில்லை. சீனப் படங்களையும் கொரியப் படங்களையும் பார்த்தார்கள், கப்பலில் வந்த புலித்தோலை விரித்து வைத்து வரியைப் பார்த்தார்கள், வீட்டுப் பூனையைப் பார்த்து நடையைப் பிடித்தார்கள். சிறுத்தையைப் பெண்புலி என்று நினைத்துச் சோடியாகக் கீறியும் இருக்கிறார்கள். நானும் நீயும் என்ன கிழித்தோம்? எங்கள் திருகோணமலைக் காட்டிலும் சிறுத்தைதானே, புலி ஏது?

இந்த ஞாயிறு போ. சாட்டுச் சொல்லாதே.
அக்கா


நகோயா
11.08.2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். இங்கே வெயில் கொளுத்துகிறது, உள்ளே இருப்பதால் அவ்வளவு தெரியவில்லை.

இன்னும் போகவில்லை. கோபிக்காதீர்கள். விடுமுறைக் காலம், ரயில் முழுக்கச் சனம். கோயிலிலும் ஏதோ திருத்த வேலையாம்.

அக்கா, உங்கள் குசினி யன்னலால் பார்த்தால் என்ன தெரியும் என்று எழுதுங்கோவன். அந்தப் பிர்ச் மரங்கள், கீழே ரயில் போகிறது, மேடு ஏறி வருகிற ஆட்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள், நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.

அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறாவா?
ரிஷி


ஹொல்ம்லியா
29.08.2025

ரிஷிகேசனுக்கு,

சுகம் கேட்க மனமில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

நான் புலியைக் கேட்டால் நீ என் குசினி யன்னலைக் கேட்கிறாய். யன்னலால் என்ன தெரியும்? குப்பை வண்டி தெரியும். எதிர்க் கட்டடத்தில் காயப்போட்ட கம்பளம் தெரியும். சின்ன ரயில் வந்து நின்று போகும், அதிலிருந்து நீ ஒருநாளும் இறங்கமாட்டாய் என்பதும் தெரியும். போதுமா?

நேற்றுச் சபைக் கூட்டம். வெள்ளைப் பள்ளத்தோடு நிற்கிற தட்டியைப் போனில் படம் பிடித்து ஒருவர் எல்லாருக்கும் காட்டினார். "இது என்ன, புலி பாலுக்குப் போயிட்டுதோ?" என்று ஒரு பகிடி. சபை முழுக்கச் சிரிப்பு. அக்டோபர் முடிய முன்னம் புலி வராவிட்டால் பனருக்குச் சொல்லிவிடுவார்களாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதது அவர்களால் இல்லை, உன்னால். சின்னனில் உனக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய விசிறினவள் நான். ஒரு படத்தைப் பார்த்து எழுத உனக்கு மூன்று மாதம் காணாது.

ஏலாது என்றால் ஏலாது என்று சொல். இல்லாத திருத்த வேலையைக் கட்டாதே. கோயிலுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன், திறந்துதான் இருக்கிறதாம்.

மயூரா


நகோயா
30.09.2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் அழுதது என்று வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனேன். பார்த்தேன். கேளுங்கள்.

புலி இடது பக்கம் பார்க்கிறது. உடம்பு முன்னுக்கு வருகிறது, தலை மட்டும் திரும்பியிருக்கிறது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. நெற்றியில் மூன்று குறுக்கு வரி, நடுவால் ஒரு நெடுவரி. வலது காதின் நுனி மடிந்திருக்கிறது. இடது தோளில் ஒரு வரி இரண்டாகக் கிளைத்து மீன்முள் போல் நிற்கிறது. மார்பு வெள்ளை இல்லை, பழுப்பேறிய வெள்ளை. வால் பின்னங்காலுக்குக் கீழால் வந்து, நுனி மட்டும் முன்னுக்கு எட்டிப் பார்க்கிறது.

பின்னங்காலைக் கேட்டீர்கள். இடது கால் முழுக்க மடிந்து வயிற்றுக்குக் கீழே. வலது கால் பாதி மடிப்பு, உடனே எழும்பலாம் என்ற மாதிரி. ஆனால் எழும்பாது. சுவர் ஓரமாக நடக்கும்போது தோள் எலும்புகள் மாறி மாறி மேலே வரும். ஒரு பாதத்தை வைத்த பிறகுதான் மற்றப் பாதத்தை யோசிக்கும். நிலம் சுடுகிறதா என்று பார்க்கிற மாதிரி.

கண்தான் முக்கியம். கண்மணி வட்டம் இல்லை, அக்கா. வெளிச்சம் பட்டால் நெல்மணி மாதிரி நெட்டுக்கு ஒடுங்கிவிடும். அது எங்களைப் பார்க்கிறது என்று நினைப்போம். எங்களுக்குப் பின்னால் உள்ள எதையோதான் பார்க்கும். அதற்கு நாங்கள் ஒரு பொருட்டே இல்லை. விரும்பினால் வரும், விரும்பினால் போகும்.

கீறுங்கள். சிவகுரு அண்ணையின் சிரிப்பை நிற்பாட்டுங்கள்.
தம்பி


ஹொல்ம்லியா
20.10.2025

என் தங்கத் தம்பிக்கு,

எல்லாரும் நல்ல சுகம். நான் சுகத்துக்கும் மேலே.

கடிதம் கிடைத்த அன்றே கீழ்த்தளத்துக்கு ஓடினேன். வேலை முடிந்து வந்து ஒவ்வொரு நாளும் கீறினேன். கறி அடிப்பிடித்தது, அத்தான் அதையே சாப்பிட்டார். நீ சொல்லச் சொல்லக் கை தன் பாட்டில் போனது. உண்மையைச் சொல்கிறேன், நீ போகமாட்டாய், போனதாகப் பொய் சொல்வாய் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த நெல்மணிக் கண்! உண்மைப் புலிக்குக் கண்மணி வட்டம். பூனையைப் பார்த்துக் கீறின பழைய ஜப்பான்காரர் சிலர்தான் ஒடுங்கிய கண்மணி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிழையை நேரில் பார்க்காதவனுக்கு எழுதத் தெரியாது. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என் வாயில் அடிக்கவேண்டும்.

சிவகுரு அண்ணை வந்து பார்த்தார். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "பிள்ளை, இது பூனையெல்லோ. புலிப்பாலுக்குப் போன மணிகண்டன் பூனையிலையோ வந்தவர்?" என்றார். போனில் உண்மைப் புலியின் கண்ணைப் பெருப்பித்துக் காட்டி, வட்டமாக மாற்றச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என் தம்பி நேரில் பார்த்தவன் என்றேன். சபை முடிவெடுக்குமாம். எடுக்கட்டும்.

உன்னைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதுகிறாய் இல்லை? என்ன வேலை, எந்த அறை, யார் சமைக்கிறது? புலியைப் பற்றி ஒரு பக்கம், உன்னைப் பற்றி ஒரு வரி.

முத்தங்களோடு
அக்கா


ஹொல்ம்லியா
09.11.2025

ரிஷிகேசன்,

நாங்கள் சுகமாகத்தான் இருந்தோம், நேற்று வரைக்கும்.

அம்மா கெஞ்சினா என்று அவவைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, தட்டிக்கு முன்னால் நின்று, ஒரு நிமிடம் பார்த்தா. பிறகு சொன்னா: "இது என்ரை போர்வையிலை கிடக்கிற புலியெல்லோ."

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. மேலே வந்து கட்டிலில் கிடந்ததை விரித்தேன். மூன்று குறுக்கு வரி. மடிந்த வலது காது. தோளில் மீன்முள். பின்னங்காலுக்குக் கீழால் வந்து எட்டிப் பார்க்கிற வால். ட்வெய்ட்டாவில் மலிவு விலைக்கு வாங்கிய பஞ்சுப் போர்வையைப் பார்த்து நீ எனக்குக் கியோட்டோக் கோயில் காட்டியிருக்கிறாய்!

உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். "சுவர் ஓரமாக நடக்கும்போது" என்று எழுதியிருக்கிறாய். கீறின புலி எப்படியடா நடக்கும்? சந்தோசத்தில் அதுகூட என் கண்ணில் படவில்லை. எவ்வளவு பெரிய மடைச்சி நான். என் தம்பி நேரில் பார்த்தவன் என்று சபைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேனே. உனக்கு வெட்கமாக இல்லையா? சோம்பல் என்றால் சோம்பல் என்று சொல்லியிருக்கலாம். அக்கா விசரி, எதைச் சொன்னாலும் நம்புவாள் என்றுதானே?

நான் இப்படிக் கத்திக்கொண்டு நிற்க, அம்மா போர்வையை மடித்துக்கொண்டு இருந்தா. மடித்து முடித்துவிட்டு, "நீ ஏன் அவனைப் பேசுறாய்? நான் இதுக்குக் கீழை எத்தினை வருசமாப் படுக்கிறன், எனக்கு அந்தக் காது மடிஞ்சது தெரியாது. ஒரு போர்வையை இவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு கிடக்கிறான் எண்டால், என்ரை பிள்ளை வேலைக்குப் போகேல்லை. அவனுக்கு என்னவோ நடந்திட்டுது" என்றா.

எங்கேயடா இருக்கிறாய்? போர்வையில் உள்ளது வட்டக் கண். அந்த நெல்மணிக் கண்ணை எங்கே பார்த்தாய்?

அக்கா


14.12.2025

அக்காவுக்கு,

உடம்பு சுகம். அது பொய்யில்லை. நேரத்துக்குச் சாப்பாடு தருகிறார்கள், நேரத்துக்கு விளக்கை அணைக்கிறார்கள்.

நான் எந்த அறைக்கும் மாறவில்லை. விசா முடிந்த வெளிநாட்டவரை வைத்திருக்கிற இடத்தில் இருக்கிறேன். என்னைக் கூப்பிட்ட கொம்பனி போன வருடம் மூடிவிட்டது. வேறு இடத்தில் கையில் காசுக்கு வேலை செய்தேன். உங்களோடு போனில் சண்டை பிடித்த அடுத்த கிழமை, ஸ்டேசனில் மறித்து வதிவிட அட்டையைக் கேட்டார்கள். அவ்வளவுதான்.

கைபேசி உள்ளே கிடையாது. அட்டை போட்டுப் பேசுகிற போன் இருக்கிறது. ஆனால் பேசும்போது பின்னால் மணி அடிக்கும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், நாலு பாசையில் ஆட்கள் கத்துவார்கள். அம்மா ஒரு செக்கனில் பிடித்துவிடுவா. அதுதான் சண்டையைச் சாட்டாக வைத்துக் கடிதம் என்றேன். டெனிஸ் வந்து உங்கள் கடிதங்களைத் தருவான், என்னுடையதை வாங்கிப் போய்ப் போடுவான். போர்வையையும் அவன்தான் கொண்டுவந்தான்.

கியோட்டோ போ, ஞாயிறு போ என்று நீங்கள் எழுத எழுத எனக்கு விசர் பிடித்தது. உங்களில் கோபம், என்னில் கோபம். ஒரு கதவைத் திறந்து ரயிலேறப் போவதை நீங்கள் கறிவேப்பிலை வாங்குவது போல எழுதியிருந்தீர்கள். நீங்கள் அழுதீர்கள் என்றதும், இருக்கிறதை வைத்தாவது ஒரு புலி செய்து தருவோம் என்று நினைத்தேன். புலியின் தோல் போர்வையில் இருந்தது. நடைக்கும் கண்ணுக்கும் பூனை. காற்று வாங்க எங்களை விடுகிற முற்றத்துக்கு ஒரு சாம்பல் பூனை வரும். வேலிக்குக் கீழால் வந்து, சுவர் ஓரமாக நடந்து, எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டுப் போகும். விரும்பினால் வரும், விரும்பினால் போகும். அதை எழுதும்போது மட்டும் நான் பொய் சொல்லவில்லை.

டெனிஸின் தேவாலயத்து ஆட்கள் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துத் தந்திருக்கிறார்கள். தற்காலிகமாக வெளியே விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. விட்டாலும் வேலை செய்யக் கூடாது, கியோட்டோ போவதென்றாலும் அனுமதி கேட்கவேண்டும். ஊருக்கு ஏற்றினாலும் ஏற்றுவார்கள். ஒன்றுமே தெரியாமல் இருப்பதுதான் பெரிய எரிச்சல்.

கண்ணை வட்டமாக மாற்றிவிடுங்கள். சபையோடு பிரச்சினைப்படவேண்டாம். அம்மாவுக்குத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மன்னியுங்கள்.
ரிஷி


ஹொல்ம்லியா
18.01.2026

என் தம்பி ரிஷிக்கு,

இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறாய், சாப்பிடுகிறாய், அதுவே எங்களுக்கு இப்போது சுகம்.

நத்தார்க் கூட்டத்தில் தபால் சுணங்கி, உன் கடிதம் ஆறாம் திகதிதான் வந்தது. தபால்பெட்டியைத் திறந்தது அம்மா. பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொன்னா. "அம்மாவுக்குச் சொல்லாதீர்கள்" என்ற வரியையும் சேர்த்துத்தான் வாசித்தேன், என்ன செய்ய? அவ அழவில்லை. "பூனைக்கு ஏதும் சாப்பிடக் குடுக்க விடுவினமோ?" என்று மட்டும் கேட்டா. நான்தான் அழுதேன். அழுது முடித்துவிட்டு உன்னை வாயில் வந்தபடி பேசினேன். எட்டு மாதமாக என்னைப் பைத்தியக்காரியாக்கி வைத்திருந்தாய். நான் உன்னைச் சோம்பேறி என்று எழுதின கடிதத்தை அங்கே இருந்து வாசித்திருக்கிறாய். அதை நினைத்தால் நெஞ்சு பற்றி எரிகிறது. உன்னில் கோபம் போகவில்லை, தெரிந்துகொள்.

நேற்றுப் பூசை நடந்தது. கண்ணை மாற்றவில்லை. சபையில் பூசைக்கு முதல்நாள் வரை இழுபறி. பனருக்கு நாள் காணாது என்றபடியால்தான் என் தட்டியை விட்டார்கள். சிவகுரு அண்ணை சும்மா இருப்பாரா? சோடனை என்ற பெயரில் ஒரு பிளாஸ்ரிக் வாழையைக் கொண்டுவந்து, சரியாகப் புலியின் முகத்துக்கு முன்னால் கட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சண்டை பிடிக்கச் சத்தி இல்லை, தம்பி.

பசனை தொடங்க முன்னம் அம்மா கதிரையை விட்டு எழும்பினா. அந்த முழங்காலோடு சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனா. "தம்பி சிவகுரு, அந்த வாழையை அங்காலை எடும்" என்றா. அவர், "அம்மா, சுவாமி வடிவாத்தானே தெரியிறார், புலிதானே மறையுது" என்றார். "சுவாமி எனக்கு எங்கையும் தெரிவார். இது என்ரை பிள்ளை பாத்த புலி. அவனை இப்ப நான் பாக்க வேறை வழி இல்லை. எடும்" என்றா.

அவர் தன் கையாலேயே அவிழ்த்தார். எல்லாரும் சுவாமியைக் கும்பிட, அம்மா புலியின் கண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தா. ஆராத்தி முடிந்தும் எழும்பவில்லை.

இந்தக் கடிதத்தை டெனிஸின் முகவரிக்கு அனுப்பவில்லை. அவனிடம் கேட்டு, நீ இருக்கிற இடத்துக்கு நேரே உன் பெயர் போட்டு அனுப்புகிறேன். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. சட்டத்தரணிக்கு அத்தான் எழுதியிருக்கிறார்.

போன் அட்டை வாங்கு. மணி அடிக்கட்டும், ஒலிபெருக்கி கத்தட்டும், நாலு பாசையில் ஆட்கள் சத்தம் போடட்டும். எல்லாவற்றோடும் கேட்கவேண்டுமாம் அம்மாவுக்கு. எனக்கும் உன்னோடு போனில் சண்டை பிடிக்காமல் ஏலாது. இனிக் கடிதம் வேண்டாம்.

அம்மா அந்தப் போர்வையைப் போர்த்துக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி இருக்கிறா. எடு.

உன் அக்கா
மயூரா